சென்னையின் தொழில், வணிக அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தொழில் வர்த்தக சபைகள், தொழிற்பேட்டைச் சங்கங்கள், வணிகர் அமைப்புகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவன், உங்களுக்குச் சந்தா கட்டும் உறுப்பினன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஜிஎஸ்டி, மின்கட்டணம் பற்றி நீங்கள் அரசுக்கு அனுப்பும் மனுக்கள் பயனுள்ளவையே. ஆனால் சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினரின் உரிமை, அச்சமின்றி எழுதும் பத்திரிகை ஆகியவை நெருக்கடிக்கு உள்ளாகும்போது, அது அரசியல், நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். அந்த வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நெருக்கடியைக் கொண்டுவரும் கவர்ச்சி அரசியல் (பாப்புலிசம்) என்றதும் நம் கூட்டங்களில் இலவச மிக்ஸியையும் மகளிர் உரிமைத் தொகையையும்தான் குறை சொல்கிறோம். அவற்றின் செலவைச் சட்டமன்றத்தில் விவாதிக்கலாம். அடுத்து வரும் ஆட்சி மாற்றவும் செய்யலாம். நான் அஞ்சுவது, தாங்கள் மட்டுமே மக்களின் குரல் என்றும், தங்களைக் கேள்வி கேட்கும் நீதிபதியும் நிருபரும் எதிர்க்கட்சியும் மக்களின் விரோதிகள் என்றும் சொல்லி, ஏதேனும் ஒரு பிரிவினரை அந்நியர் என்று சுட்டிக்காட்டி வாக்குச் சேர்க்கும் அரசியலை. அது எந்தக் கொடியின் கீழும் வரக்கூடியது.

அதன் சூடு நமக்குத் தெரியாததல்ல. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் ரயில் ஏறினார்கள். காவல்துறை மறுப்பு வெளியிட்டது. திருப்பூர்த் தொழில் அமைப்புகளும் வெளிப்படையாகப் பேசித் தொழிலாளர்களுக்கு நம்பிக்கை அளித்தன. 2024 ஜூலையில், தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்குப் பெரும்பங்கை ஒதுக்கும் மசோதாவைக் கர்நாடக அமைச்சரவை ஏற்றபோது தொழில்துறை எழுப்பிய எதிர்ப்பில், அந்த அரசு ஓரிரு நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தது. நம் வேலைக்கு ஆள் கிடைக்காது என்றால் குரல் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை போகும்போதுதான் தொண்டை கட்டிக்கொள்கிறது.

பயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2019 நவம்பரில் மும்பை மேடையொன்றில் பஜாஜ் குழுமத்தின் ராகுல் பஜாஜ், அரசை வெளிப்படையாக விமர்சிக்கத் தொழிலதிபர்கள் அஞ்சுகிறார்கள் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். யாரும் அஞ்ச வேண்டியதில்லை என்று அமைச்சர் பதிலளித்தார். அதை நம்பித் தனியாளாகப் பேச எத்தனை பேர் துணிவோம்? தனியே பேசுகிறவரின் அலுவலகத்துக்கு மறுவாரமே அதிகாரிகள் வரலாம் என்ற கணக்கு எல்லோர் மனத்திலும் ஓடுகிறது; அந்தப் பயமின்றிச் சேர்ந்து பேசத்தானே சங்கம் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம்! 2024 மே மாதம், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன், ஜெர்மனியில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தீவிரவாதத்துக்கும் கவர்ச்சி அரசியலுக்கும் எதிராகக் கூட்டாகப் பிரசாரம் செய்தன. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை வைத்திருக்கும் பிஎம்டபிள்யூவும் அவற்றுள் ஒன்று.

நன்கொடை விஷயத்தில் நம் கைகளும் சுத்தமாக இல்லை. நிறுவனங்கள் கட்சிகளுக்குத் தரும் தொகைக்கு இருந்த, மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற வரம்பு 2017இல் நீக்கப்பட்டது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தையும் இந்த வரம்பு நீக்கத்தையும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தபின் வெளியான, பணம் பெற்ற கட்சிகளின் பட்டியலில், மத்தியில் ஆளும் கட்சியும் இருந்தது, நம் மாநிலத்தை ஆண்ட கட்சிகளும் இருந்தன. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை உறுப்பினர் நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் மட்டுமன்றித் தங்கள் இணையதளத்திலும் தமிழில் வெளியிட வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

குடிமக்களாகிய நாமும் தப்ப முடியாது. சென்னை மாநகராட்சிக்கு 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது வாக்காளர்களில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வாக்குப்பதிவு நாளன்று தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. அதை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் தருகிறோமா என்று சங்கமே சரிபார்க்கலாம். வெறுப்பைப் பரப்பும் சேனல்களுக்கு விளம்பரம் இல்லை என்று பஜாஜ் ஆட்டோவும் பார்லேவும் 2020இல் அறிவித்ததைப் போல நம் விளம்பரதாரர்களும் அறிவிக்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரே தீர்மானமாக எழுதித் தர நான் தயார். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் 'இதர விஷயங்கள்' என்ற கடைசி வரிக்குத் தள்ளிவிடாமல், எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துபோவதற்கு முன் அதை விவாதத்துக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்