புது ஆற்றுப் பாசனத்தில் குடியேறிய பாட்டனார்: குடும்பச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பங்காளிகளுக்கும், பெண்வழி உறவினர்களுக்கும் பணிவான வணக்கம்.

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரத்தநாட்டுக்குத் தெற்கே வந்து குடியேறிய நம் பாட்டனாரின் பத்திரங்களைப் படியெடுப்பதிலும், கொடிவழியைத் திருத்தி எழுதுவதிலுமே இவ்வாண்டின் பெரும்பகுதி சென்றது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் பூர்வீக வீட்டின் ஓடுகள் பறந்து பத்திரப் பெட்டி நனைந்ததையும், பாட்டனார் வைத்த தென்னைகளில் எஞ்சியிருந்தவை அந்த ஒரே இரவில் சாய்ந்ததையும் அனைவரும் அறிவீர்கள். மரங்களை மீட்க இயலவில்லை. மை கலங்கிய தாள்களையேனும் உதிர்ந்துபோகும் முன் படம்பிடித்து வைத்துவிட்டோம்.

பாகப்பிரிவினையில் தமக்கு வந்த துண்டு நிலம் குடும்பத்துக்குப் போதாமையால்தான் பாட்டனார் ஊரைவிட்டுக் கிளம்பினார். 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை திறக்கப்பட்டு, நாம் புது ஆறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் வந்தபோது, அதுவரை ஏரியையும் மழையையும் நம்பி வரகும் கேழ்வரகும் கடலையும் விளைந்த மேட்டு நிலங்கள் நெல் வயல்களாக மாறத் தொடங்கின. அங்கே அவர் வாங்கிய முதல் நிலத்தின் கிரயப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டுமே உள்ளது. ஆனால் அந்தக் கிரயத் தொகை பாட்டியாரின் சீதனமாகிய இரட்டைவடச் சங்கிலியை விற்று வந்தது என்பதை, நம் குடும்பத்தில் இன்று மூத்தவராக இருக்கும் அத்தை தம் தாயார் வாய்மொழியாகக் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கீற்றுக் கொட்டகையில் கைக்குழந்தையுடன் முதல் மழைக்காலத்தைக் கழித்தவரும் அப்பாட்டியாரே. இதைக் கொடிவழியின் முதல் பக்கத்திலேயே எழுதியுள்ளேன்.

சென்ற ஆண்டுத் திருவிழா அழைப்பிதழில் "வாய்க்கால் வெட்டிய பெருமகனார்" என்று அச்சிட்டிருந்தோம். அது பிழை, அதற்குப் பொறுப்பு என்னுடையது. கால்வாய் அரசு வெட்டியது. மதகிலிருந்து வயலுக்கு வரும் கன்னி வாய்க்காலை வெட்டியவர்களும், மேட்டைத் தட்டிப் பள்ளத்தை நிரப்பியவர்களும் பாட்டனாருடன் உழைத்த விவசாயத் தொழிலாளர்களே. ஆண்டுதோறும் தண்ணீர் திறப்பதற்கு முன் கரைக்காரர்களைக் கூட்டி, ஊராரே வாய்க்காலைத் தூர்வாரிச் செப்பனிடும் குடிமராமத்துச் செய்து, கடைமடை வயலுக்கும் முறை தவறாமல் தண்ணீர் போகச் செய்ததுதான் அவருடைய பெருமை என்பது என் உறுதியான கருத்து. அத்தொழிலாளர் குடும்பங்களின் பெயர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடமே கேட்டுத் தனிப் பதிவேட்டில் சேர்த்து வருகிறோம்.

பழைய கொடிவழியில் மகன்கள் மட்டுமே இருந்தனர். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலேயே குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு சட்டமாகிவிட்ட பின்னும், குடும்ப ஏட்டில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதிருந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கருமாதிப் பத்திரிகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு மகள்களின் வழியை நிறைவு செய்துள்ளோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மூன்றாம் மகளின் வழி மட்டும் எஞ்சியுள்ளது. அவ்வழியினர் தங்களிடமுள்ள பத்திரிகைகளையும் ஜாதகங்களையும் கொடுத்து உதவ வேண்டும்.

குலதெய்வக் கோயில் மாசிப் படையல் வழக்கம்போல் நடைபெற்றது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்