அந்த நான்கு வரிகளை நீக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர், ‘என் புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், நான் வேறு எந்த மென்பொருளில் இருந்தாலும் எஃப்9 விசையைத் தட்டினால் அதற்குத் தெரிய வேண்டும். என்ன செய்வது?’ என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதிலாக, கணினியில் விழும் எல்லா விசைகளையும் பிடிக்கும் நிரலை முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள். பிடித்ததை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவைக்கும் நான்கு வரிகளும் அதில் இருந்தன. ‘பிள்ளைகளைக் கண்காணிக்கவும் உதவும்’ என்ற குறிப்பு வேறு. அந்த நான்கு வரிகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சிவகாசியில் அச்சகங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். 2006 வாக்கில் இங்கே ஒரு டி.டி.பி. சென்டருக்காக (கணினியில் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் கடை)த் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு சின்னக் கருவி எழுதினேன். ஆங்கில ‘கே’ விசையைத் தட்டினால் க் வர வேண்டும். அடுத்து ‘ஏ’ விசையைத் தட்டினால் அந்த க்-ஐ அழித்துவிட்டு க வர வேண்டும். வேர்டு, பேஜ்மேக்கர், மெயில் என்று எதில் தட்டினாலும் இது நடக்க வேண்டும். விஷுவல் பேசிக் என்ற நிரல் மொழியில், நம் சாளரம் முன்னால் இருக்கும்வரை விசைகளைப் பிடிப்பது சுலபம். ஆள் பேஜ்மேக்கருக்குப் போய்விட்டால் நம் நிரலுக்கு ஒன்றும் கேட்காது. அதற்காகத்தான் விண்டோஸில் ‘ஹூக்’ என்ற கொக்கி இருக்கிறது. விசை, போக வேண்டிய மென்பொருளுக்குப் போகும் முன் நம்மிடம் வந்துவிட்டுப் போகும். விரும்பினால் அதை விழுங்கிவிட்டு வேறு எழுத்தை அனுப்பலாம். அன்று வந்த பல தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் இப்படித்தான் வேலை செய்தன. அதனால் ஹூக்கே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் அன்று பல பேரால் தமிழில் ஒரு மெயில்கூட எழுதியிருக்க முடியாது.

என் கருவியில் சில நேரம் எழுத்து இரண்டு முறை விழுந்தது. எங்கே கோளாறு என்று பார்க்க, வரும் விசைகளை எல்லாம் ஒரு கோப்பில் எழுதும்படி செய்தேன். உங்கள் நான்கு வரிகளேதான். கோளாறு சரியானதும் அந்த வரிகளை எடுக்க மறந்துவிட்டேன். கருவி அப்படியே சென்டரின் ஐந்து கணினிகளிலும் ஏறியது. அங்கே பத்திரிகை வடிவமைப்பு மட்டும் நடக்கவில்லை. மணிக்கு இவ்வளவு என்று பிரவுசிங்கும் உண்டு; ரயில் டிக்கெட் போட, ரிசல்ட் பார்க்க, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் எழுத ஊர்க்காரர்கள் வருவார்கள்.

மூன்று வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்தக் கோப்பு கண்ணில் பட்டது. திறந்தேன். கல்யாணப் பத்திரிகை வாசகங்களுக்கு நடுவே யார் யாருடைய மெயில் முகவரியோ, அதை அடுத்து பாஸ்வேர்டோ. திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் பெட்டிக்குள் போகும் முன்பே பிடித்துவிடும் ஹூக்குக்குப் புள்ளி ஏது? ஒரு பெண், மகளின் பிரசவச் செலவைப் பற்றித் தன் தம்பிக்கு எழுதியது வரிக்கு வரி இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஐந்து கணினிகளிலும் கோப்பை அழித்தேன், வரிகளை எடுத்தேன், உரிமையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ‘யாரும் பார்க்கலையே, விடு தம்பி’ என்றார். வந்து போனவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது; பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம்கூடச் சொல்ல முடியவில்லை. இருபது வருடம் ஆகப்போகிறது, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இது என்னைப் போன்ற சின்ன ஆளின் கவனக்குறைவு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 மே மாதம், எச்.பி. மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த ஆடியோ டிரைவர் (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருள்), தட்டும் விசைகளை எல்லாம் ஒரு கோப்பில் எழுதுவதை மாட்ஜீரோ என்ற ஸ்விஸ் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அந்த டிரைவர் கவனிக்க வேண்டியிருந்தது மைக்கை அணைக்கும் விசை போன்ற சிலவற்றை மட்டும்தான். சோதனைக்காக எழுதிய வரிகள் எடுக்கப்படாமல் வாடிக்கையாளர் வீடுவரை போய்விட்டன. கோப்பு இருந்ததோ, அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில். ஒரு விசைக்காக எல்லா விசைகளையும் கேட்டதும், கேட்டதை எழுதிவைத்ததும்தான் அங்கேயும் வினை. உங்கள் மாணவர் கேட்டதும் அதே ஒரு விசைதானே?

அவருக்குத் தர வேண்டிய பதில் மிகச் சிறியது. விண்டோஸில் ‘ரிஜிஸ்டர்ஹாட்கீ’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. எஃப்9 வேண்டும் என்று பதிவு செய்தால் எஃப்9 தட்டும்போது மட்டும் செய்தி வரும். வேறு எந்த விசையும் நம் நிரலின் பக்கமே வராது. தமிழ்த் தட்டச்சு போல எல்லா எழுத்தும் தேவைப்படுகிற வேலைக்கும் இன்று முறையான வாசல் உண்டு: தட்டச்சுக் கருவிகளுக்கென்றே விண்டோஸில் இருக்கும் டெக்ஸ்ட் சர்வீசஸ் ஃபிரேம்வொர்க். புதிதாக எழுதுகிறவர்கள் அந்த வழியில்தான் போக வேண்டும்.

ஹூக்குக்கு விண்டோஸே போட்ட வேலிகளையும் நீங்கள் சொல்லவில்லை. விண்டோஸ் விஸ்டா வந்த பிறகு, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் சாளரத்தில் தட்டுவது சாதாரண நிரலின் ஹூக்குக்கு வராது. அனுமதி கேட்கும் திரையிலும் அப்படியே. விண்டோஸ் 7 முதல், ஹூக் பதில் சொல்லத் தாமதித்தால் சத்தமில்லாமல் கழற்றிவிடப்படும். நம் நிரலுக்கே அது தெரியாது. ‘சில நேரம் வேலை செய்யவில்லையே’ என்று அந்த மாணவர் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆப்பிளும் தன் மேக் கணினிகளில், 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், பயனரின் அனுமதி இல்லாமல் பிற மென்பொருளில் தட்டுவதைக் கவனிக்க விடுவதில்லை. ஆனால் விண்டோஸ் வேலிகளை நம்பி இருந்துவிட முடியாது. பிரவுசரும் மெயிலும் வங்கிப் பக்கமும் வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

அப்புறம் கண்காணிப்பு. ஜெர்மனியில் ஒரு நிறுவனம் தன் ஊழியரின் கணினியில் கீலாக்கர் (தட்டும் விசைகளை எல்லாம் பதிவு செய்யும் நிரல்) போட்டு, அதில் கிடைத்ததை வைத்து அவரை வேலையை விட்டு நீக்கியது. இணையப் பயன்பாடு பதிவு செய்யப்படும் என்று முன்கூட்டி அறிவித்தும் இருந்தது. 2017 ஜூலையில் அந்நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அந்த ஆதாரத்தை ஏற்கவில்லை. குறிப்பிட்ட சந்தேகம் எதுவும் இல்லாமல் ஒருவர் தட்டும் எல்லாவற்றையும் பதிவு செய்வது அவருடைய உரிமையை மீறுவது என்றது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இருந்ததா என்று பார்க்கிறது. அனுமதியில்லாமல் தரவை எடுத்து, அதில் மோசடி நோக்கமும் இருந்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் டி.டி.பி. சென்டரை நினைத்துப் பாருங்கள். கணினி உரிமையாளருடையது; கருவியைப் போட அவர் அனுமதியும் இருந்தது. ஆனால் அந்தக் கடிதம் மகளின் பிரசவச் செலவைப் பற்றித் தம்பிக்கு எழுதிய ஒரு தாயுடையது. அவரிடம் யார் கேட்டோம்? வீட்டில் பிள்ளையின் கணினியில் கீலாக்கர் போட்டால் பிள்ளை மட்டுமா சிக்கும்? அதே கணினியில் மெயில் பார்க்க உட்காரும் அத்தையும் சிக்குவார்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்தப் பதிலுக்குத் திருத்தம் போடுங்கள். கோப்பில் எழுதும் வரிகளை நீக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அதைத் தட்டி ஓட்டிப் பார்த்தவர்கள், உருவான கோப்பைத் தேடி அழிக்க வேண்டும் என்பதையும் தவறாமல் சேருங்கள். எஃப்9 மட்டும் கேட்கும் சிறு நிரலை எழுதி, சோதித்துப் பார்த்து, இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இருபது வரிகூட இல்லை. இடம் இருந்தால் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மாணவருக்காவது அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சிவகாசி