சின்னாறு போய்வந்தேன், சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மருத்துவர் நடக்கச் சொன்னால் நட. வாசல் வரை போய்த் திரும்பிவிட்டு 'நடந்தாயிற்று' என்று கணக்குக் காட்டாதே. உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். மகள் கோவைக்கே மாற்றலாகி வந்துவிட்டாள். பேரன் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இல்லை.

போன வாரம் சின்னாறு பள்ளத்தாக்கின் வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். உடுமலையில் மூணாறு பஸ் ஏறி, ஒன்பதாறு சோதனைச் சாவடியையும் கேரள எல்லையையும் தாண்டி இறங்கினேன். பள்ளத்தாக்கு என்றதும் பச்சைப் பசேலென்று கற்பனை செய்யாதே. மூணாறில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, மலையைக் கடந்து இந்தப் பக்கம் வருவதற்குள் வற்றிப்போகிறது. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் மழை. சரிவெல்லாம் பாறை, கள்ளி, வேலமரம். அடியில் பாம்பாறு ஓடுகிறது. அதன் கரைகளில் மட்டும் நீர்மருதும் புங்கனும் மாமரமும் நெருக்கியடித்து நிற்கின்றன. கரையை விட்டுச் சிறிது தூரம் ஏறினால் மறுபடி முட்காடு.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடாததே நல்லது. என்னோடு வந்தவர் முதுவர் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர். ஓரிடத்தில் யானை லத்தி கிடந்தது. குச்சியால் புரட்டி ஈரத்தைப் பார்த்துவிட்டு, "விடியற்காலை ஆற்றுக்கு இறங்கியிருக்கிறது" என்றார். அதன்பின் என் பேச்சு தானாகவே குறைந்தது. எதிர்ச் சரிவில் காட்டுமாடுகள் மேய்ந்தன. மடுப் பக்கம் போக வேண்டாம், முதலை உண்டு என்றார். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அமராவதி அணைப் பண்ணையில் காட்டினோமே, அதே சாதி. இங்கே வேலி கிடையாது, அவ்வளவுதான். தூவானம் அருவியையும் பார்த்தேன். அழகுதான், ஆனால் அருவி எங்கும் இருக்கிறது.

நான் போனது சாம்பல் நிற அணிலுக்காக; மரத்திலேயே வாழும் பெரிய அணில் வகை அது. முதலில் உச்சாணியிலிருந்து கரகரவென்று ஓர் அதட்டல் கேட்டது. இளைஞர் விரலை உயர்த்திய இடத்தில், நீர்மருதின் கவட்டில், இலையும் சுள்ளியும் திணித்த பெரிய கூடு. அதற்குச் சற்றுத் தள்ளி ஆள் இருந்தார்! பின்னங்கால்களால் கிளையைக் கவ்வித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்கைகள் இரண்டிலும் காயை உருட்டி உருட்டிக் கொறித்துக்கொண்டிருந்தார். தோல் துணுக்குகள் என் தொப்பியில் விழுந்தன. இளஞ்சிவப்பு மூக்கு, முதுகு மயிரின் நுனியெல்லாம் நரை, உடம்பளவு நீண்ட வால், அதுவும் நரைத்தது. எங்களைக் கண்டதும் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்துக்கொண்டார். நாங்களும் அசையவில்லை. கடைசியில் பொறுமை இழந்தது அவர்தான். ஒரே தாவலில் அடுத்த மரம், அதிலிருந்து அடுத்தது.

அந்தப் போக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இது தரையில் இறங்க விரும்பாத பிராணி. கொப்போடு கொப்பு சேர்ந்திருக்கும் வரைதான் அதற்குக் காடு. நடுவில் நாலு மரம் போனால், அந்த இடைவெளி நமக்கு வெறும் வெயில், அதற்கு மதில். ஆற்றங்கரை மரவரிசை அறாமல் இருக்கிறதா என்று அறிய இந்த அணிலே போதும், வேறு கணக்கெடுப்பே வேண்டாம். திரும்பும்போது சாலையில் ஜீப்பில் வந்தவர்கள், "யானை பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். அணில் பார்த்தேன் என்றதும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரக் கோபம்தான்.

சிரிக்காமல் கேள்: இந்த அணிலுக்கென்றே 1988இல் சரணாலயம் அமைத்தது உன் ஸ்ரீவில்லிபுத்தூரில். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானதும் பேச்செல்லாம் புலிக்குப் போய்விட்டது. உன் ஊர்க்காரரைப் பார்க்க நான் சின்னாறை ஒட்டிய மறையூர் மலை வரை போக வேண்டியிருந்தது! கால் தேறியதும் உன் ஊர் மலையடிவாரச் செண்பகத்தோப்புக்கு ஒரு நடை போ. அணில் மாங்காயைக் கடித்துப் போடுகிறது என்று தோப்புக்காரர்கள் திட்டுவதாக முன்பு எழுதியிருந்தாய். தோப்பு மரங்களும் காட்டு மரங்களும் இன்னும் கை கோத்து நிற்கின்றனவா, இல்லை நடுவே வெட்டவெளியாகிவிட்டதா? பார்த்து விவரமாக எழுது.

மறையூர் வெல்லம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் சர்க்கரை அளவு தெரியும். பிரிக்காமல் மருமகளிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
ராமநாதன்