கேசட்டிலிருந்து தகட்டுக்கு

மன்னார்குடி
ஐப்பசி 20

அன்புள்ள சந்துரு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். தாளடி நடவு முடிந்தது, மழைதான் விடவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

திருவாரூர் நாகஸ்வரக் கேசட்டுகளை ஒருவழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். தவில் மாமா கேட்டால் துள்ளிக் குதிப்பார். ஆனால் அழித்து அழித்து எழுதும் டிவிடி ஆர்டபிள்யூ தகட்டில் பென்டிரைவ் மாதிரி ஃபைலை இழுத்துப் போடுகிறேன் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தாயே, அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. முதலில் அதை நிறுத்து.

வெற்றுத் தகட்டைப் போட்டதும் விண்டோஸ், யூஎஸ்பி போல வேண்டுமா, சிடி டிவிடி பிளேயருக்கு வேண்டுமா என்று கேட்கும். முதலாவதைத் தொட்டால், நீ ஃபைல் சேர்க்கும்போதும் அழிக்கும்போதும் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கைத் தகட்டிலேயே திருத்திக்கொண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் கணக்கு அறுந்துவிடும். பாட்டு தகட்டில் இருக்கும், டிரைவுக்கு இடம் தெரியாது. இந்த அடைமழையில் நம் பக்கத்துக் கரண்ட்டைப் பற்றி நான் சொல்லணுமா?

ஆகவே தகட்டில் எழுதத் தனி சாஃப்ட்வேர் வைத்துக்கொள், எதுவானாலும் மூன்று விஷயம் பார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஃபைல் ஃபைலாகவே இருக்க வேண்டும். தனக்கென்று ஒரு மூட்டை கட்டி வைக்கும் பேக்கப் சாஃப்ட்வேர் வேண்டாம், பத்து வருஷம் கழித்து அதைப் பிரிக்க அதே சாஃப்ட்வேரைத் தேடி அலைவாய். விண்டோஸுக்கு இம்க்பர்ன் (ImgBurn) போதும். 2013க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, ஆனாலும் காசில்லாமல் கிடைப்பதில் நான் நம்புவது அதைத்தான். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்துவிட்டு, தேவையில்லாததற்கு டிக்கை எடு. உன் தம்பியின் லினக்ஸ் மெஷினானால் கே3பி.

தகட்டில் ஃபைல் பெயரையும் இடத்தையும் குறித்துவைக்கும் முறைக்குத்தான் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அந்த இடத்தில் யூடிஎஃப் (UDF) என்ற முறை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். நீ ராகம், கோயில், தேதி எல்லாம் தமிழில் நீளமாகப் பெயர் வைக்கிறவன். ஜோலியட் என்ற இன்னொரு முறையில் பெயருக்கு 64 இடம்தான். நமக்கு 'திருவாரூர்' ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கோ கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகப் பத்து இடம். முப்பது சொச்சம் எழுத்திலேயே பெயர் வெட்டுப்பட்டு, தோடி எது, காம்போதி எது என்று தெரியாமல் போகும். யூடிஎஃப்பில் 127 இடம் உண்டு.

அளவு: சிடி தரத்தில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் ஃபைல் நிமிஷத்துக்குப் பத்து எம்பி, ஒரு மணி நேரக் கேசட் சுமார் 600 எம்பி. உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.38தான். ஏழு கேசட் இடுக்கிப்பிடித்து ஏறும், நீ ஆறோடு நிறுத்து. தகட்டில் எழுதுவது உள்ளிருந்து வெளியே போகும், பிழை அதிகம் வருவது அந்த வெளி ஓரத்தில்தான்.

வேகம் 4எக்ஸ் வைத்தால் முழுத் தகட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். 'வெரிஃபை' டிக்கை எடுத்துவிடாதே. எழுதி முடிந்ததும் டிரைவின் தட்டு வெளியே வரும். முடிந்துவிட்டது என்று தகட்டைக் கையில் எடுத்துவிடாதே, சரிபார்ப்பே அதற்கப்புறம்தான். மேஜைக் கம்ப்யூட்டரில் தட்டு தானே உள்ளே போகும். லேப்டாப்பில் நீதான் தள்ளிவிட வேண்டும்.

ஆர்டபிள்யூ தகட்டில் மைனஸ், பிளஸ் என்று இரண்டு வகை. அடுத்த முறை எழுத, மைனஸ் ஆர்டபிள்யூவானால் முதலில் அழிக்க வேண்டும், பிளஸ் ஆர்டபிள்யூவில் மேலேயே எழுதலாம். ஆயிரம் தடவை எழுதலாம் என்பார்கள், அதை நம்பி ஒரே தகட்டைத் தேய்க்காதே. இரண்டு வாங்கி வாரம் ஒன்றாக மாற்று. அப்போதுதான் புதியது பழுதானாலும் போன வாரத்தது கையில் இருக்கும்.

இதெல்லாம் நீ இரைச்சலைக் குறைத்து, பெயரைத் திருத்திக்கொண்டிருக்கும் வரைக்கும்தான். வேலை முடிந்ததும் ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி ஆரில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி. கேசட்டுகளை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே சந்துரு. அதில் சுவாமி புறப்பாட்டு மல்லாரியை வாசித்தவர் இன்று இல்லை.

கார்த்திகைக்கு வரும்போது முதல் தகட்டை எடுத்துவா. எழுதிய டிரைவில் ஓடுவது பெரிதல்ல. என் பழைய டிரைவில் போட்டு, ஆறாவது கேசட்டின் கடைசிப் பத்து நிமிஷத்தைக் கேட்போம்.

அன்புடன்,
ராமு