லூப்பில் குற்றமில்லை, வாசித்தவருக்குக் கூலி போகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரில் லூப் (ஒருமுறை பதிந்து வைத்து, திரும்பத் திரும்ப ஓடவிடுகிற வாசிப்புத் துண்டு) போட்டுப் பாட்டு செய்வதால்தான் மேளக்காரர்களுக்கு வேலை போய்விட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் செங்கோட்டையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் போதும், கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு வேண்டும் என்று தென்காசியிலிருந்தும் வருவார்கள், ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ப் பக்கமிருந்தும் வருவார்கள், அதனால் இந்த விஷயம் எனக்குத் தினசரிப் பாடு.

முன்பெல்லாம் டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதியும் கூடவே ஏறிவிடும். நிமிடத்துக்கு 100 அடி என்று போகிற பாட்டை 120 ஆக்கினால் சுருதி ஒன்றரைக் கட்டை அளவுக்கும் மேலாக ஏறிப்போய், பாடினவர் குரல் பொம்மைக் குரலாகிவிடும். 1998-இல் வந்த ஆசிட், அப்புறம் 2004-இல் வந்த கராஜ்பேண்ட் போன்ற இசை மென்பொருட்களில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்ற முடிந்தது. அடி எங்கே விழுகிறது, மூல வேகம் என்ன, சுருதி என்ன என்று லூப் ஃபைலுக்குள்ளேயே குறிப்பு இருக்கும், நம் பாட்டுக்கு ஏற்ப அது வளைந்து கொடுக்கும். அருமையான வசதி, அதை நான் விடமாட்டேன்.

ஆனால் போன வருடம் ஒரு அம்மா ஐந்தரைக் கட்டையில் பாட வந்தார், தொண்டை கட்டியிருந்ததால் ஐந்துக்கு இறக்கினோம். ஆர்மோனியம் லூப் இறங்கியது, தம்புரா இறங்கியது, மிருதங்கம் மட்டும் ஐந்தரையிலேயே நின்று காதைக் கரித்தது. தாள வாத்தியம்தானே என்று அந்த லூப்பில் சுருதியே குறிக்காமல் விற்றிருக்கிறார்கள். டிரம்ஸுக்கு அது சரி, வலந்தலையை, அதாவது வலது பக்கத்தை, சுருதி சேர்த்து வாசிக்கிற மிருதங்கத்துக்கு எப்படிச் சரியாகும்? கடைசியில் நானே உட்கார்ந்து சுருதியைக் குறித்துச் சரிசெய்தேன்.

கேரளத்துச் செண்டை இன்னும் கஷ்டம். அதில் வாசிக்கிற பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று சுருங்கிக்கொண்டே போகும், வேகம் மெல்ல மெல்ல ஏறும். 90 வேகத்தில் பதிந்த ஒரு துண்டை 140-க்கு நெருக்கினால் கோல் பட்ட பின் நீண்டு ஒலிக்கிற கார்வை அறுந்துபோகிறது, அதையே ரொம்ப இழுத்தால் ஒரு அடி இரண்டாகக் கேட்கிறது. மேளம் கேட்டு வளர்ந்தவன் காதுக்கு இது உடனே தெரிந்துவிடும்.

அதனால் இப்போது தவில் லூப்பை வெளியே வாங்குவதில்லை. புளியரைப் பக்கத்துத் தவில்காரர் ஒருவரை வரச்சொல்லி, ஒரே பாடத்தை 80, 100, 120, 140 என நாலு வேகத்திலும் வாசிக்க வைத்துப் பதிந்துவிட்டேன். பாட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற வேகத்தை எடுத்தால் கொஞ்சம் வளைத்தாலே போதும். அந்த லூப்பை எடுக்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் அவருக்குப் பணம் கொடுக்கிறேன், பெயரும் போடுகிறேன். அந்த வாசகர் கோபப்பட வேண்டியது இந்தப் பணம் வாசித்தவருக்குப் போகாத இடத்தில்தான். அரசு இசைப்பள்ளிகள் தங்கள் ஆசிரியர்களை வைத்தே இப்படிப் பதிந்து, கூலியையும் ஒழுங்குபடுத்தினால் என்னைப் போன்றவர்கள் முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குவோம்.

வில்லுப்பாட்டு உடுக்கையை இன்னும் பதியவில்லை. கயிற்றை அழுத்தும்போது ஒரே அடிக்குள் ஓசை ஏறி இறங்குகிறது, அதற்கு எந்தச் சுருதியைக் குறிப்பது? கோயில் கொடை சீசன் முடிந்ததும் வருவதாக ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார், அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கோட்டை