பந்து மூட்டைக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

ஊராருக்கு வணக்கம்.

வெல்டிங் வேலைக்கென்று பினாங்கு போனவன் நான். சனிக்கிழமை ரக்பி ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது என்று கூட வேலை பார்த்தவர்கள் இழுத்துப்போய், இரண்டு பக்கத்து ஆட்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மின் நட்டநடுவில், ஹூக்கர் இடத்தில் நிறுத்தினார்கள். பதினோரு வருஷம் அங்கேயே நின்றேன். தோள்பட்டை இரண்டாம் தடவை நழுவியதும் டாக்டர் போதும் என்றார். வீட்டில் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நம் ஊர்ப் பெரியவர்கள் கப்பலில் தேக்கும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். நான் கொண்டுவந்தது நாலு முட்டைப் பந்தும் ஒரு மூட்டை பழைய பூட்ஸும். பூட்ஸ் எல்லாம் பினாங்குக் கூட்டாளிகள் கழற்றிக் கொடுத்தவை. முதல் நன்றி அவர்களுக்கு.

காரைக்குடியில் புல் இருந்த ஒரு மைதானத்தைக் கேட்டேன். "பந்தே கோணலா இருக்கு, பிள்ளைங்க கை கால் என்னத்துக்காகும்" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, அவர்கள் கவலை அவர்களுக்கு. கண்மாய்க்கரைப் பொட்டலைக் கொடுத்த அண்ணன், என்ன ஆட்டம் என்றுகூடக் கேட்கவில்லை. "நெருஞ்சி கிடக்கும், பார்த்துக்க" என்றார், அவ்வளவுதான். அந்த நெருஞ்சியை நாலு நாள் குனிந்து பொறுக்கிய அக்காமார்களுக்குக் கூலி கொடுத்தேன்தான். ஐந்தாம் நாள் கூப்பிடாமலே வந்து, விட்டுப்போன மூலையையும் சுத்தம் செய்தார்களே, அதற்குக் கூலி கிடையாது.

கம்பம் நட மெஷினும் கரண்டும் கொடுத்தது பட்டறை மாமா. இரண்டு கம்பத்துக்கும் இடையே 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரத்தில். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துல கோல்கீப்பர் எங்கேப்பா நிப்பான்?" என்றார். இன்றுவரை அவருக்கு என்னால் சரியாக விளக்க முடியவில்லை.

கபடி மாஸ்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பையன்கள் பாதிப்பேர் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவர்கள். ஆளைப் பிடி என்றால் தாவிக் கழுத்தில் தொங்கினார்கள். ரக்பியில் தோளுக்கு மேலே பிடித்தால் தப்பு, அட்டை காட்டி வெளியே உட்கார வைப்பார்கள். நான் ஒரு மாதம் கத்தியும் ஏறவில்லை. மாஸ்டர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "காளைக்குத்தான்டா திமில். மனுசனுக்குத் தொடை." மறுநாளிலிருந்து தொடையைக் கட்டிப் பிடித்தார்கள்.

அப்புறம் ஆச்சி. முகப்பு அறையை மூட்டைக்குத் திறந்துவிட்டவர். சாயங்காலம் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "பந்தைப் பின்னாடி கொடுத்துட்டு முன்னாடி ஓடுறீக, இது என்ன கூத்து?" என்பார். கல்கத்தாவில் 1870களில் ஒரு ரக்பி கிளப் கலைந்தபோது, கையிருப்பு வெள்ளி ரூபாயை உருக்கி, பாம்புக் கைப்பிடி வைத்துக் கோப்பை செய்து சீமைக்கு அனுப்பினார்கள், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னும் அதற்காகத்தான் மோதுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன். ஆச்சி கொஞ்சம் யோசித்து, "வட்டிக்கு விட்டிருக்கலாமே" என்றார்.

பதினைந்து பேர் சேர மாட்டார்கள் என்பதால் ஏழு பேர் ஆட்டம்தான் சொல்லிக்கொடுத்தேன், பாதிக்கு ஏழு நிமிடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் குட்டி நாடான பிஜி தன் முதல் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, வாங்கியது இந்த ஆட்டத்தில்தான். போன மாதம் நம் பிள்ளைகள் சென்னை போய் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் மட்டும் ஒரு டிரை, ஐந்து புள்ளி. பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றியவன் எழுந்திருக்கவே இல்லை. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினால், பந்தைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். வேன் ஓட்டிய தம்பி டீசல் காசோடு நிறுத்திக்கொண்டார். புளியோதரை கட்டிக்கொடுத்த மெஸ்காரர் அதுவும் வாங்கவில்லை.

தை மாதம் திரும்ப வருவேன். அதுவரை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் பூட்ஸ் அளவை ஆச்சியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பந்தில் காற்று குறைந்தால் சைக்கிள் கடைக்குப் போங்கள், ஊசியை அங்கேதான் கொடுத்து வைத்திருக்கிறேன்.