செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கை நிறுவனங்களிடம் நிதி பெறுவது பற்றியது. செயற்குழுவில் இந்த ஆண்டு அதிகம் விவாதிக்கப்பட்ட பொருள் இதுதான்.

நிறுவனம் தரும் பணம் மூன்று வகை: சி.எஸ்.ஆர். நிதி (நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்), நன்கொடை, விளம்பரத்துக்கான ஸ்பான்சர்ஷிப். எந்த வகை என்று முடிவு செய்யாமல் கடிதம் எழுதினால், பதிலே வராது. வந்தாலும் வரிக் கணக்கில் இடிக்கும்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகரச் சொத்து 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் தலைநகரில் உள்ள பெரிய பெயர்களைத் துரத்துவதைவிட, பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆலை வைத்திருப்பவரை முதலில் பார்ப்பதே நல்லது.

அந்தப் பணத்தைப் பெற்றுப் பணி செய்யும் சங்கத்துக்கு 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள், அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற பதிவெண் ஆகியவை வேண்டும். உறுப்பினர்களின் வசதிக்காக மட்டும் இயங்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு 12ஏ கிடைப்பது கடினம். விதிகளில் உள்ள நோக்கங்கள் பொதுமக்களுக்குமாக இருக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும், எதற்காகப் பணம் கேட்கிறோம் என்பதில். தன் பொருளுக்கு விளம்பரப் பயன் தேடி நிறுவனம் ஆதரிக்கும் பணி சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. மாரத்தான், பரிசளிப்பு விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளும் சேரா. அவற்றுக்கு ஸ்பான்சர்ஷிப்தான் வழி, அது ஜி.எஸ்.டி.க்கு உட்பட்ட சேவை. பணம் தருவது கம்பெனியாக இருந்து, பெறுவது நம்மைப் போன்ற சங்கமாக இருந்தால், வரியை அந்தக் கம்பெனியே நேரடியாக அரசுக்குச் செலுத்தும். நம் கடிதத்தில் இதை முன்கூட்டியே குறிப்பிட்டுவிட்டால், பேசிய தொகையில் பின்னர் கைவைக்க மாட்டார்கள்.

நன்கொடை தந்தவருக்குப் பெயர்ப்பலகை வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். வைக்கலாம். நன்றி தெரிவித்துப் பெயர் மட்டும் பொறித்தால் வரி இல்லை என்று 2019 அக்டோபரில் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. பெயருக்குக் கீழே 'எங்களிடம் தரமான குழாய்கள் கிடைக்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் அது விளம்பரம். நன்கொடை என்ற தகுதி போய்விடும். பலகை எழுதுபவரிடம் வாசகத்தை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்.

மார்ச் மாதப் பணத்தில் கவனம் தேவை. நிதியாண்டு முடியும் நேரத்தில் 'உடனே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அழைப்பு வரும். ஆனால் நம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டதாலேயே சி.எஸ்.ஆர். பணம் செலவிட்டதாகாது. நாம் பணியில் செலவழித்த பிறகுதான் நிறுவனத்துக்குக் கணக்காகும். பல ஆண்டுத் திட்டமாக அவர்கள் அறிவிக்காத பணியில் மீதமாகும் தொகை, ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 7-இல் உள்ள அரசு நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். எனவே மதிப்பீடும் விலைப்புள்ளிகளும் தயாராக இல்லாத பணிக்கு மார்ச்சில் காசோலை வாங்க வேண்டாம்.

நகராட்சி நிலத்தில் செய்யும் பணிக்கு நிறுவனத்தின் சம்மதம் மட்டும் போதாது. நகராட்சிப் பொறியாளரின் மதிப்பீடு, மன்றத் தீர்மானம், பராமரிப்பு யார் பொறுப்பு என்ற ஒப்பந்தம் மூன்றும் முதலில் வேண்டும். அரசின் பங்கும் வேண்டுமென்றால் 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பாக இருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது. அரசுத் துறை, நகராட்சி போன்ற பொது அமைப்போ, பயனாளிகள் குழுவோ, சி.எஸ்.ஆர். பதிவெண் உள்ள அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கற்ற கம்பெனியோதான் அதை வைத்திருக்கலாம். பள்ளியில் வைக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். திறப்பு விழாவுக்குப் பணம் தாராளமாக வரும். ஓரிரு ஆண்டில் மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) மாற்ற வேண்டியிருக்கும். முன்வடிகட்டியை அதற்கு முன்பே பலமுறை மாற்ற வேண்டும். மின் கட்டணமும் கழிவுநீர் வழியும் யாருடையது என்று எழுதப்பட்டிருக்காது. நீரின் உப்பளவைச் சோதிக்காமல் இயந்திரம் வாங்கினால் மெம்பரேன் இன்னும் சீக்கிரம் அடைபடும். ஆகவே கோரிக்கைக் கடிதத்திலேயே மூன்றாண்டுப் பராமரிப்புச் செலவைத் தனி வரியாகக் காட்டுகிறோம். நிறுவனம் அதை அடித்துவிட்டால், அந்த இயந்திரத்தை வாங்காமல் விடுவதே மேல் என்பது என் கருத்து.

இது தொடர்பாக இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒன்று, நிறுவன நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு காலாண்டும் பயன்பாட்டுச் சான்று அனுப்புவது. இரண்டு, மது, புகையிலை நிறுவனங்களிடம் எந்த வகையிலும் நிதி பெறுவதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்